‘ஆனாலும்’ போடும் கவிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அக அழகைப் பாடும் காதல் கவிஞர்களுக்கு,

வணக்கம்.

பெண் மடலேறுவது மரபில்லை என்கிறது தொல்காப்பியம். காதல் கைகூடாத தலைவன் பனைமடலில் குதிரை செய்து ஏறி, காதலியின் உருவத்தைத் தீட்டிய கிழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே வரலாம். பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. கடல்போலக் காமம் வருத்தினாலும் மடலேறாமல் பொறுத்திருப்பதே பெண்ணின் பெருமை என்று வள்ளுவரும் (குறள் 1137) ஒத்து ஊதுகிறார். நல்லவேளையாக, மடல் எழுதக் கூடாது என்று இருவருமே சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்து இதை எழுதுகிறேன்.

தொகுப்புகளுக்கும் போட்டிகளுக்கும் வந்து குவியும் கவிதைகளை நடுவர்களிடம் போவதற்கு முன் படித்துச் சலிக்கிற வேலை என்னுடையது. பல வருடங்களாகச் செய்கிறேன். முன்பெல்லாம் நிலவு முகம், மீன் விழி, மின்னல் இடை என்று வரும். ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன், மனம் நோகாது. இப்போது நீங்கள் திருந்திவிட்டீர்கள். நிலவையும் மீனையும் விரட்டிவிட்டு, ‘நீ அழகியல்ல, ஆனாலும் உன் உள்ளம் அழகு’ என்று எழுதுகிறீர்கள். இந்தக் கவிதைகளை ஓரமாக வைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்துக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எனக்கு முன்பற்கள் எடுப்பானவை. சிறு வயதில் அதற்காகப் பட்டப்பெயரெல்லாம் உண்டு. இருபத்திரண்டு வயதில் ஒருவர் எனக்குக் காதல் கவிதை எழுதித் தந்தார். முகத்தைப் பார்த்து நான் வரவில்லை, உன் மனத்தைப் பார்த்து வந்தேன் என்பது அதன் சாரம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம், எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்தது. இரண்டாவதாக ஒரு கேள்வி வந்தது: என் மனத்தை இவர் எப்போது பார்த்தார்? நாங்கள் அதுவரை பேசியது மூன்று முறை. அதில் இரண்டு முறை, நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகத்தின் தவணை பற்றி.

அவர் என் மனத்தைப் பார்க்கவில்லை, பல்லைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அதைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, மன்னித்ததற்குக் கவிதை என்று பெயர் வைத்துவிட்டார். உங்களில் பலர் செய்வதும் இதைத்தான். ‘ஆனாலும்’ என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பின்னால் வருவது தண்டனைக் குறைப்பு.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்த வகைக் கவிதையில் மன்னிக்கிறவர் ஏறக்குறைய எப்போதும் ஆண், மன்னிக்கப்படுவது பெண்ணின் முகம். ‘உன் வழுக்கையை நான் பொருட்படுத்தவில்லை, உன் உள்ளம் போதும்’ என்று ஒரு பெண் எழுதி இன்னும் என் மேசைக்கு வரவில்லை. பெண்கள் பெருந்தன்மை இல்லாதவர்கள் என்பதால் இருக்கலாம். வழுக்கை ஒரு குற்றம் என்று அவர்களுக்குத் தோன்றாததாலும் இருக்கலாம்.

சரி, உங்களுக்கு முன்னால் எழுதியவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கூடலூர் கிழார் பாடியது, ஆறே வரி.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

காந்தள் விரல், குவளைக் கண், ஒளி நெற்றி. நீங்கள் கேலி செய்கிற தேய்ந்த உவமைகள் மூன்றும் இதில் இருக்கின்றன. புலவர் அவற்றை வைத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். காந்தள் விரலைத் தயிருக்குள் அமிழ்த்துகிறார். அந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலேயே உடுத்தி நிற்கவைக்கிறார். குவளைக் கண்ணில் தாளிப்புப் புகையை ஏற்றுகிறார். அழகு அழுக்காகிறது, ஆனால் அழியவில்லை. அவள் குழம்பைத் தானே துழாவிச் சமைத்திருக்கிறாள். அவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் மகிழ்கிறது, அதுவும் ‘நுண்ணிதின்’. அந்த ஒரு சொல்லுக்காக இந்தப் பாட்டை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மகிழ்ச்சி நுட்பமாக இருக்கிறது. அருகில் நின்று உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் அளவுக்கு நுட்பமாக இருக்கிறது.

பார்த்தவர் கணவன் இல்லை என்பது இன்னும் சுவையானது. அவன் சாப்பாட்டில் இருக்கிறான். பார்த்தவள் செவிலி. மகளின் புது வீட்டுக்குப் போய்வந்து நற்றாயிடம் சொல்கிறாள். வளர்த்தவளின் கண்ணுக்குத் தயிர்க் கறையும் தெரிகிறது, புகையும் தெரிகிறது, முகத்தில் ஓடி மறைந்த மகிழ்ச்சியும் தெரிகிறது. இதில் எது அகம், எது புறம்? முகத்தைப் பார்க்காமல் அந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க முடியுமா? உள்ளத்தைப் பார்க்கப் போகிறேன் என்று முகத்தைத் தாண்டிப் போகிறவர், போகிற வழியிலேயே உள்ளத்தையும் தவறவிட்டுவிடுகிறார்.

அடுத்து, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்று தொடங்குவது, குறுந்தொகையில் இரண்டாவது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்று தருமி கதையில் இறைவனும் நக்கீரரும் மோதிக்கொள்கிறார்கள். நெற்றிக்கண்ணே திறந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் கூந்தலுக்கு முன்னால் ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்று ஒரு தொடர் இருக்கிறதே, அதைப் பற்றி அவையில் யாரும் வாய் திறந்ததாகக் கதை இல்லை. பழக்கத்தால் பொருந்திய நட்பு என்று பொருள். காதலர் முதன்முதல் கூடியபோது சொல்லும் பாட்டு என்பதால், பல பிறவியாக வந்த பழக்கம் என்று உரை சொல்வார்கள். எப்படிக் கொண்டாலும் வரிசை முக்கியம். முதலில் நட்பு. அதன் பிறகுதான் மயில் சாயலும் செறிந்த பல்லும் கூந்தல் மணமும். அந்த மணம் இயற்கையா செயற்கையா என்பது தவறான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அது பழகியவனின் மூக்குக்குத் தெரிந்த மணம். அவை நடுவே வைத்துத் தீர்க்கக்கூடிய வழக்கே இல்லை.

‘செறியெயிற்று அரிவை’ என்ற இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும், மறைக்கவில்லை. செறிந்த பற்கள் எனக்கு வாய்க்கவில்லை. அந்தப் பாட்டோடு எனக்குச் சண்டை வராததற்குக் காரணம் அதன் இரண்டாவது வரி. ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்று தும்பியிடம் கேட்கிறான் தலைவன். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். நிலவு முகம் பாடியவர்களும் சரி, அக அழகு பாடுகிற நீங்களும் சரி, மீறுவது இந்த ஒரு வரியைத்தான். அவர்கள் பார்க்காமல் புகழ்ந்தார்கள். நீங்கள் பார்க்காமல் மன்னிக்கிறீர்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் எவையெவை ஒத்திருக்க வேண்டும் என்று பத்துப் பொருத்தம் சொல்லப்படுகிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. பிறப்பும் குடிமையும் முதலில் வந்து உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவை இன்றுவரை எத்தனை காதலர்களின் கழுத்தை நெரித்திருக்கின்றன என்பது ஊரறிந்தது. ஆனால் உருவம் பத்தில் ஒன்று, அவ்வளவே. அதற்கும் அருளுக்கும் உணர்வுக்கும் ஒரே வரிசையில் இடம். ஒன்றை உயர்த்த மற்றொன்றை மிதிக்கவில்லை.

அதற்கு அடுத்த நூற்பா இன்னும் நல்லது. காதலர்களிடம் இருக்கக் கூடாதவை எவை என்று ஒரு பட்டியல்: பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியந்துகொள்வது, புறம் பேசுவது, வன்சொல், மறதி, சோம்பல் என்று போகிறது. குடிப்பிறப்பை எண்ணிக் களிப்பதும் அதில் உண்டு. முந்தைய நூற்பாவுக்கு ஆசிரியரே வைத்த கடிவாளம் போல. ‘ஒப்புமை’ என்றும் ஒன்று வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். இந்தப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அழகின்மை என்ற ஒன்று அதில் கிடைக்கவில்லை. வன்சொல் காதலுக்கு ஆகாது. எடுப்பான பல் ஆகும்.

‘குஞ்சி அழகும்’ என்று தொடங்கும் நாலடியாரை முகப்பில் போட்டுக் காதல் கவிதை அனுப்புகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அது ‘கல்வி அழகே அழகு’ என்று முடிகிற பாட்டு. உங்கள் காதலி என்ன படித்திருக்கிறாள் என்று கவிதையில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது பழையவர்களிடமும் எனக்குள்ள வழக்கைச் சொல்ல வேண்டும். அழகு நிலையில்லாதது என்று போதிக்க வருகிறவர்கள் ஓர் அழகற்ற உடலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் வடிவத்தில் இருக்கும் மணிமேகலை, தன் பின்னால் வரும் இளவரசன் உதயகுமாரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டுகிறாள். கருமணல் போலிருந்த கூந்தல் வெண்மணல் ஆகிவிட்டது பார், வில் போன்ற புருவம் உலர்ந்த இறால் போலாகிவிட்டது பார் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். பல்லுக்கும் முறை வருகிறது: ‘நிரைமுத்து அனைய நகையும் காணாய், சுரைவித்து ஏய்ப்பப் பிறழ்ந்துபோயின’. முத்துவரிசை போன்ற பல் சுரைவிதை போல் பிறழ்ந்துவிட்டதாம். எனக்கு அது இருபதிலேயே சுரைவிதைதான். அந்த நயத்தை ரசித்துக்கொண்டே ஒன்று யோசிப்பேன். அந்த மூதாட்டி அங்கேயே நிற்கிறாள், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு. அவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவள் பாடத்துக்கான உதாரணம். உங்கள் ‘ஆனாலும்’ கவிதைகளில் நிற்கும் பெண்ணுக்கும் அதே வேலைதான் தந்திருக்கிறீர்கள்.

கலித்தொகையில் கூனியும் குறளனும் பேசிக்கொள்ளும் பாட்டு இதைவிடச் சிக்கலானது. மருதக்கலியில் வருகிறது. அரண்மனையில் பணிசெய்யும் இருவர். அவள் முதுகு வளைந்தவள், அவன் உயரம் குறைந்தவன். அவன் வழிமறிக்கிறான். அவள் அவன் உருவத்தைக் கிழிக்கிறாள், அவன் அவள் உருவத்தைக் கிழிக்கிறான். படிக்கிறவர் சிரிப்பதற்காகவே எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனாலும் (இந்தச் சொல்லை நான் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு) அந்தப் பாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை. வேறெந்தக் காதல் பாட்டிலும் இல்லாத ஒன்று அதில் நடக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் முழுதாகப் பார்த்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய கெட்ட வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை. திட்டித் தீர்ந்த பிறகு சமாதானம் வருகிறது. அரண்மனைக்குள் பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று அஞ்சிச் சோலைக்குப் போகிறார்கள். அந்த அச்சம் என்னை உலுக்குகிறது. அவர்களுக்குள் உருவம் ஒரு பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது. சிரிப்பவர்கள்தான் பிரச்சினை. கவிதை எழுதியவரும் அந்தச் சிரிப்பவர்களின் பக்கத்தில் நின்றுதான் எழுதுகிறார். சோலைக்குள் அவர்களோடு போய் எழுதுவதற்கு ஒரு கவிஞர் இன்னும் வரவேண்டியிருக்கிறது. உங்களில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டால், அந்தக் கவிதையை நானே நடுவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கம்பர் இதில் கெட்டிக்காரர். மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று இருக்கிற உவமைகளையெல்லாம் திரட்டி, தமிழிலேயே மிக இனிய ஓசை கொண்ட விருத்தங்களில் ஒன்றைக் கட்டி, அதைச் சூர்ப்பணகை போட்டுக்கொண்டு வந்த பொய் வடிவத்துக்குக் கொடுத்துவிட்டார். ‘வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.’ உவமை வரிசையில் ஓசை பிசகாமல் நஞ்சும் வந்து நிற்கிறது. தேய்ந்த உவமை எங்கே பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அகமும் புறமும் இரண்டு அறைகள், நடுவே சுவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நம் அகப்பாட்டு அப்படி நினைக்கவில்லை. பசலை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிரிவு மனத்தில் நிகழ்கிறது, நிறம் மேனியில் மாறுகிறது. வளை கழல்கிறது, தோள் மெலிகிறது. உள்ளே இருப்பதைப் படிக்க அவர்களிடம் இருந்த ஏடு உடல்தான். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் ‘நலம் புனைந்துரைத்தல்’ ஒன்று. அழகைப் புகழ அது போதும் என்று வள்ளுவர் நினைத்திருக்கிறார். அந்த அழகு கெடுவதைச் சொல்ல ‘பசப்புறு பருவரல்’, ‘உறுப்புநலன் அழிதல்’ என்று இரண்டு. சாயலையும் நாணத்தையும் காதலர் எடுத்துக்கொண்டார், பதிலுக்கு நோயையும் பசலையையும் தந்தார் என்கிறாள் ஒருத்தி (1183). கொடுக்கல் வாங்கல் கணக்கு போலச் சொல்கிறாள். அந்தக் கணக்கில் அழகு புறப்பொருள் என்று தள்ளுபடி ஆகவில்லை.

வெள்ளிவீதியார் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார், குறுந்தொகை 27இல். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் தரையில் வழிந்து போவதுபோல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமைக் கவினைப் பசலை தின்கிறது. ‘என் மாமைக் கவினே’ என்று முடிகிறது. மாமை மாந்தளிரின் நிறம். வெளுப்பை அழகென்று நாம் மனப்பாடம் செய்வதற்கு முந்தைய காலத்து அழகு. அந்த ‘என்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அழகைப் பற்றி அதன் உரிமைக்காரி பேசுகிறாள். தன் உடலைத் தானே உள்ளிருந்து பார்த்துச் சொல்கிறாள். யாருடைய மதிப்பெண்ணும் அவளுக்குத் தேவைப்படவில்லை, மன்னிப்பும்தான்.

பாரதிதாசனை வைத்து என்னை மடக்கலாம் என்று உங்களில் ஒருவர் இந்நேரம் எழுந்து நிற்பார். நானே சொல்லிவிடுகிறேன். குடும்ப விளக்கின் முதியோர் காதல் பகுதியில் கிழவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார்: புதுமலர் இல்லை, காய்ந்த புற்கட்டு அவள் உடம்பு, சதிராடும் நடை இல்லை, தள்ளாடி விழுகிறாள், முகம் மதி இல்லை, வறள்நிலம். பிறகு, ‘எது எனக்கின்பம் நல்கும்? இருக்கின்றாள் என்பதொன்றே!’ இதுவும் ‘நீ அழகில்லை, ஆனாலும்’ வகைதானே என்று கேட்பீர்கள்.

வரியைத் திரும்பப் படியுங்கள். இருக்கின்றாள் என்பதற்குப் பதிலாக ‘அவள் உள்ளம் அழகு’ என்று அங்கே போட்டுப் பாருங்கள். மொத்தமும் சரிந்துவிடும். கிழவர் அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை. புறத்தைத் தள்ளிவிட்டு அகத்துக்கு மதிப்பெண் போடவும் இல்லை. இரண்டுக்குமே மதிப்பெண் போடுகிற வேலையை விட்டுவிட்டார். காய்ந்த புல், வறண்ட நிலம் என்பவை ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்ன சொற்கள் இல்லை. அந்தப் புல் பச்சையாக இருந்ததையும் பார்த்த கண் அது. சொல்கிறவரும் அதே வயதில், அதே தள்ளாட்டத்தில் இருக்கிறார். மன்னிக்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை. மூன்று சந்திப்பில் எழுதிவிட முடிகிற வரியா இது?

வள்ளுவரின் நாயகி ஒருத்தி, அஞ்சனம் தீட்டும்போது கோலைக் கண் காணாதது போல, கணவனைக் கண்ட இடத்தில் அவன் குற்றம் எனக்குத் தெரிவதில்லை என்கிறாள் (1285). குறை இருந்தும் பொறுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. கண்ணுக்கு அத்தனை அருகில் வந்துவிட்டது, தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் போன பிறகு குற்றம் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அடுத்த குறளிலேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். அந்த நேர்மைக்கு முன்னால் உங்கள் பெருந்தன்மை எங்கே நிற்கும்?

அதனால் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை கவிதை அனுப்பும் முன், ‘ஆனாலும்’ என்ற சொல்லை அடித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம், போய் அவளைப் பாருங்கள். அவள் எந்தக் கையால் தலைமுடியை ஒதுக்குகிறாள், கோபத்தில் அவள் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, பொய் சொல்லும்போது முகத்தில் எது முதலில் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். அது அகமா புறமா என்று பிரித்துத் தர வேண்டியதில்லை, படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குக் கவிதை எழுதித் தந்தவரை நான் மணக்கவில்லை. மணந்தவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. கணக்கு வழக்குப் பார்ப்பவர், உவமை என்றாலே சந்தேகப்படுவார். திருமணமாகிச் சில மாதங்கள் இருக்கும். தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்ல, அடக்க முடியாமல் சிரித்தேன். தொலைபேசியை வைத்ததும் அவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஒன்று கேட்கவா? சிரிக்கும்போதெல்லாம் உன் இடது கை வாய்க்குப் போகிறது. தொலைபேசியில் பேசும்போதும் போகிறதே, அங்கே உன்னை யார் பார்க்கிறார்கள்?”

நான் பதில் சொல்லவில்லை. கை இன்னும் வாய்மேல்தான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் கவிதைகளை முதலில் படிக்கிறவள்